நாம் மறந்த நாட்டுக் கனிகள்

பேரங்காடியின் பழப்பகுதியில் ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, கிவி ஆகியவை ஆண்டு முழுவதும் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. பறித்துப் பல நாள் கழிந்தும் வாடாமல் இருக்கும் தன்மையே அவற்றுக்கு அந்த இடத்தைப் பெற்றுத் தந்தது. உள்ளூர்ப் பழம் என்று எண்ணி வாங்கும் பப்பாளி, கொய்யா, அன்னாசி ஆகிய மூன்றும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கு வேரூன்றியவைதாம். மலேசியக் காடுகளிலும் ஆற்றோரங்களிலும் இயல்பாகவே வளரும் கனிவகைகளோ நூற்றுக்கும் மேற்பட்டவை. டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் போன்ற சில மட்டுமே நாடறிந்தவை. எஞ்சியவற்றில் பல, விளையும் வட்டாரத்தைத் தாண்டினால் பெயர்கூடத் தெரியாதவை. அண்மைக் காலமாக இவற்றைப் பற்றி 'நோய் தீர்க்கும் அற்புதக் கனி' என்ற விளம்பரங்களும் வரத் தொடங்கியுள்ளன. அறியாமை ஒரு பக்கம், மிகைப்படுத்தல் மறு பக்கம். இக்கனிகளின் உண்மையான சத்து இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அதை அறிந்துகொள்ள டாபாய் என்னும் கனி நல்ல தொடக்கமாகும்.

டாபாய் சரவாக்கின் ராஜாங் ஆற்றங்கரைக்குப் பேர்போனது. ஏறத்தாழ 563 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறே மலேசியாவின் மிக நீளமான ஆறு. ஆண்டிறுதியை ஒட்டிய பருவத்தில் காப்பிட், சோங், கனோவிட் போன்ற இடங்களிலிருந்து டாபாய் சிபு நகரச் சந்தைக்கு வந்து சேரும். கருநீலத் தோல், மஞ்சள் நிறச் சதை, நடுவே மூன்று பட்டைகளுடைய கல் போன்ற கொட்டை. பார்வைக்கு ஆலிவ் காயைப் போல இருப்பதால் 'சிபு ஆலிவ்' என்றும் இதை அழைப்பார்கள். ஆனால், ஆலிவுக்கும் டாபாய்க்கும் எவ்விதக் குடும்ப உறவும் இல்லை. தமிழகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் கருங்குங்கிலிய மரமே டாபாயின் நெருங்கிய உறவு. ஒன்று பிசினுக்குப் பெயர் பெற்றது, மற்றொன்று கனிக்கு.

டாபாயைப் பறித்தவுடன் கடித்துத் தின்ன முடியாது. சதை கடினமாக இருக்கும். மிதமான வெந்நீரில் பத்து நிமிடங்கள் அளவில் ஊறவைத்தால் சதை வெண்ணெய்போல் மென்மையாகிவிடும். நீர் கொதித்தால் காரியம் கெட்டுவிடும். கனி மேலும் இறுகிப் போகும். சிபு மக்களுக்கு இந்தப் பக்குவம் கைவந்த கலை. மென்மையான கனியின் மீது உப்பையோ சர்க்கரையையோ தூவி, அல்லது கிச்சாப்பில் தொட்டு, சோற்றுடன் உண்பர். சதையைப் பிரித்தெடுத்து நாசி கோரேங்கில் சேர்ப்பதும் உண்டு. கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பும் உண்ணத்தக்கதே. அதை உடைக்கத்தான் பொறுமையும் நல்ல கத்தியும் வேண்டும்.

சத்து என்று பார்த்தால், டாபாய் வழக்கமான பழங்களிலிருந்து பெரிதும் விலகி நிற்கிறது. பழம் என்றால் நீரும் சர்க்கரையும் என்பதே பொதுவான எண்ணம். டாபாயின் சதையிலோ கொழுப்புச்சத்து மிகுதி. இவ்வகையில் இது வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோவுக்கு ஒப்பானது. அந்தக் கொழுப்பில் ஓலியிக் அமிலமும் பால்மிடிக் அமிலமும் பெரும்பகுதி. ஆகவே, அதன் தன்மை ஆலிவ் எண்ணெயைவிடச் செம்பனை எண்ணெயையே அதிகம் ஒத்திருக்கிறது. புரதமும் நார்ச்சத்தும் மற்றப் பழங்களைக் காட்டிலும் கூடுதல். பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் ஆகிய கனிமச்சத்துகளும் உள்ளன. காட்டையும் ஆற்றையும் நம்பி வாழ்ந்த மக்களுக்கு இது வெறும் தின்பண்டம் அன்று. உடலுக்கு ஆற்றல் தரும் உணவு.

டாபாயின் தோலுக்குக் கருநீலம் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி. கத்தரிக்காயின் தோலிலும் நாவற்பழத்திலும் இருப்பது இதே வகையைச் சேர்ந்த நிறமிதான். கிளந்தானின் நாசி கெராபுவுக்கு நீலம் ஏற்றும் சங்குப்பூவிலும் இது உள்ளது. டாபாயை ஆய்ந்தோர் அதன் மஞ்சள் சதையைவிடக் கருந்தோலிலேயே இந்நிறமி செறிந்திருப்பதைக் கண்டனர். ஆந்தோசயனின், பாலிபீனால் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கூடவே வரும் சொல் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்'. அச்சொல் எதைக் குறிக்கிறது?

மழையில் நனைந்த இரும்பு துருப்பிடிக்கிறது. வெட்டி வைத்த கத்தரிக்காய் பழுப்பு நிறம் அடைகிறது. திறந்து வைத்த எண்ணெயில் நாளடைவில் சிக்கு வாடை வீசுகிறது. மூன்றிலும் ஆக்சிஜனின் கைவரிசை உண்டு. உயிர் வாழ இன்றியமையாத அந்த வாயு, உடலின் அணுக்களுக்குள்ளும் இதையொத்த வேலையைச் செய்கிறது. உணவை எரித்து ஆற்றலாக மாற்றும்போது, ஓர் எலக்ட்ரானை இழந்து நிலைகொள்ளாமல் தவிக்கும் மூலக்கூறுகள் சில உண்டாகின்றன. அறிவியலார் இவற்றை 'ஃப்ரீ ராடிக்கல்' என்பர். புகைப்பிடித்தல், மாசு நிறைந்த காற்று, கடும் வெயில் ஆகியவையும் இவற்றைப் பெருக்கும். தமக்கு வேண்டிய எலக்ட்ரானை இவை அருகிலுள்ள புரதத்திடமிருந்தோ கொழுப்பிடமிருந்தோ மரபணுவிடமிருந்தோ பிடுங்கிக்கொள்கின்றன. பறிகொடுத்த மூலக்கூறு சேதமடைகிறது. தன்னிடமுள்ள எலக்ட்ரானைத் தானே கொடுத்து, இந்தப் பிடுங்கலை நிறுத்தும் பொருளே ஆக்சிஜனேற்றத் தடுப்பான். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டின், பாலிபீனால் ஆகியவை இவ்வேலையைச் செய்ய வல்லவை. உடலும் தனக்கெனச் சில நொதிகளை வைத்துக்கொண்டு இதே பணியைச் செய்து வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃப்ரீ ராடிக்கல்கள் முற்றிலும் தீயவை அல்ல. உடலுக்குள் புகுந்த கிருமிகளை அழிக்க, வெள்ளை இரத்த அணுக்கள் இவற்றையே ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. ஆகவே, இவற்றை அடியோடு ஒழிப்பது நோக்கமாக இருக்க முடியாது. அளவு மீறாமல் இருப்பதே தேவை.

விளம்பரங்கள் இந்த நுட்பத்தைக் கண்டுகொள்வதில்லை. ஒரு பழத்தின் சாற்றைச் சோதனைக்குழாயில் இட்டு, அது எவ்வளவு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்று எண்ணால் அளக்கலாம். அவ்வாறு அளந்த எண்களை அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியலாகவே தொகுத்து வெளியிட்டிருந்தது. 2012ஆம் ஆண்டில் அத்துறையே அப்பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சோதனைக்குழாயில் கிடைத்த எண், மனித உடலில் விளையும் நன்மையைக் காட்டுவதில்லை என்பது ஒரு காரணம். நிறுவனங்கள் அந்த எண்ணைக் காட்டிப் பொருள்களை விற்றன என்பது மற்றொரு காரணம். உண்ணும் ஆந்தோசயனினில் சிறுபகுதியே நேரடியாக இரத்தத்தில் கலக்கிறது. பெரும்பகுதி குடலை அடைந்து, அங்கு வாழும் நுண்ணுயிர்களால் வேறு பொருள்களாக மாற்றப்படுகிறது. குழாயில் நடந்தது வயிற்றில் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

டாபாயைப் பற்றியும் இத்தகைய ஆய்வுகள் உண்டு. கொழுப்பு மிகுந்த தீவனம் உண்ட முயல்களுக்கு, எண்ணெய் நீக்கிய டாபாயைக் கொடுத்தபோது இரத்தக்குழாயில் படியும் கொழுப்பு குறைந்ததை உள்நாட்டு ஆய்வாளர்கள் கண்டனர். இது ஊக்கமளிக்கும் செய்தியே. ஆனாலும், முயல் இயல்பில் தழையுண்ணி. அதன் உடலில் கண்டதை மனிதனுக்குப் பொருத்துவதற்கு முன் மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகள் வேண்டும்.

சத்தைப் பழத்திலிருந்து பிரித்து மாத்திரையாக்கினால் என்ன நேரும் என்பதற்குப் பின்லாந்தில் கசப்பான சான்று ஒன்று கிடைத்தது. புகைப்பிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் அந்த ஆய்வில் கலந்துகொண்டனர். கரோட்டின் நிறைந்த காய்கனிகளை உண்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவது முன்பே தெரிந்திருந்ததால், பீட்டா கரோட்டின் மாத்திரை நோயைத் தடுக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். 1994ஆம் ஆண்டு முடிவுகள் வெளிவந்தபோது, மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. காய்கனியில் இருக்கும்போது தீங்கு செய்யாத பொருள், தனித்துப் பிரிக்கப்பட்டு மிகுந்த அளவில் உட்செல்லும்போது வேறு விதமாக நடந்துகொண்டது.

ஆதலால், நாட்டுக் கனிகளை மருந்தாக எண்ணுவதைவிட உணவாக எண்ணுவதே பொருத்தம். இந்தப் பார்வையோடு சபாவுக்குச் சென்றால் பம்பாங்கான் எதிர்ப்படும். இது போர்னியோ தீவுக்கே உரிய காட்டு மாங்கனி. தேங்காயை நினைவூட்டும் உருண்டை வடிவம், சொரசொரப்பான பழுப்புத் தோல், நார் மிகுந்த மஞ்சள் சதை, தொலைவிலேயே மூக்கை எட்டும் மணம். சதை புளிப்பும் இனிப்பும் கலந்தது. அதன் மஞ்சள் நிறம் கரோட்டினால் வருகிறது. உடல் அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள் என்பதால், சிறிது எண்ணெய் சேர்ந்த உணவோடு உண்ணும்போது உடலில் நன்றாகச் சேரும்.

பம்பாங்கான் கனியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலும் கொட்டையுமே. வழக்கமாகக் குப்பைக்குப் போகும் பகுதிகள் இவை. ஆய்வாளர்கள் மூன்று பகுதிகளையும் தனித்தனியே சோதித்தபோது, கொட்டையின் பருப்பிலும் தோலிலும் பாலிபீனால் மிகுந்தும் சதையில் குறைந்தும் இருந்தது. இதில் வியப்பில்லை. பூச்சியும் பூஞ்சையும் முதலில் தாக்குவது தோலை. அடுத்த தலைமுறை உறங்குவது விதையில். செடி தன் காவல் பொருள்களை அவ்விடங்களில் குவித்து வைப்பது இயல்பே. இந்த ஆய்வுகளுக்கு நெடுங்காலத்துக்கு முன்பே கடாசான்டூசுன் மக்கள் பம்பாங்கான் ஊறுகாயில் கொட்டைப் பருப்பைத் துருவிச் சேர்த்து வந்துள்ளனர். நறுக்கிய சதையுடன் துருவிய பருப்பையும் உப்பையும் கலந்து, சாடியில் அடைத்து நாள்கணக்கில் புளிக்க வைப்பர். பின்னர் அது மீனுக்கும் சோற்றுக்கும் தொடுகறி. ஆற்றில் பிடித்த மீனும் ஒரு சாடி ஊறுகாயும் இருந்தால் ஒரு வேளை உணவு முடிந்தது. ஊறுகாயில் உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு உண்பது நல்லது.

தீபகற்ப மலேசியாவிலும் இத்தகைய கனிகள் இல்லாமலில்லை. திரங்கானுவின் பெயரைத் தாங்கிய 'செரி திரங்கானு' என்னும் சிறு மரம், கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். காய் சிவந்து, பழுக்கும்போது கருஞ்சிவப்பாக மாறும். மலேசிய வேளாண் ஆராய்ச்சி, மேம்பாட்டுக் கழகமான மார்டி, அரிய கனிகளைத் திரட்டிப் பாதுகாத்து ஆராய்ந்து வருகிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் மிகுந்த கனியாக அது எடுத்துக்காட்டியவற்றுள் இதுவும் ஒன்று. நன்கு பழுக்காத கனியைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். இதைத்தான் தமிழர் அறுசுவையுள் ஒன்றாகத் துவர்ப்பு என்றனர். பாலிபீனால் வகையைச் சேர்ந்த டானின், எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டாற்போன்ற உணர்வு உண்டாகிறது. டானினுக்கு மறுபக்கமும் இருக்கிறது. உணவில் உள்ள இரும்புச்சத்தை அது உடலில் சேரவிடாமல் ஓரளவு தடுக்கும். வைட்டமின் சி இதற்கு எதிராக, இரும்புச்சத்து சேர்வதற்குத் துணைபுரியும்.

வைட்டமின் சி என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது நெல்லி. அதியமான் ஔவைக்கு ஈந்த கனியைப் பள்ளியில் படிக்காதவர் அரிது. அந்த நெல்லியின் நெருங்கிய இனம் இந்நாட்டு மண்ணிலும் வளர்கிறது. அதன் மலாய்ப் பெயர் 'மலாக்கா மரம்'. பரமேஸ்வரா ஓய்வெடுக்க நின்ற மரத்தின் பெயரே அவர் நிறுவிய நகருக்கு ஆயிற்று என்பது மரபுவழிக் கதை. எல்லா மாணவரும் மலாக்கா என்ற பெயரை அறிவர். அது ஒரு கனிமரத்தின் பெயர் என்பதையும், அக்கனி நெல்லிக்கு உறவு என்பதையும் அறிந்தவர் சிலரே. 100 கிராம் ஆரஞ்சில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. நெல்லியில் அதைப் போலப் பல மடங்கு.

புளிப்புக் கனிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. வீட்டுத் தோட்டங்களில் தண்டோடு ஒட்டிக் காய்க்கும் பெலிம்பிங் பூலோவை மீன் குழம்பில் சேர்த்து உண்பது காலங்காலமான வழக்கம். அதனால் கேடில்லை. ஆனால், அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. இதை உடலுக்கு நல்லதென நம்பி, நிறையக் காய்களைப் பிழிந்து சாறாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். குழம்பில் நாலைந்து காய்கள் போடுவதற்கும் ஒரு குவளைச் சாறு குடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. இயற்கையானது என்பதனாலேயே எவ்வளவு வேண்டுமானாலும் உட்கொள்ளலாம் என்று ஆகிவிடாது.

இவ்வளவு சத்துள்ள கனிகள் ஏன் எல்லாரையும் சென்றடையவில்லை? மக்கள் பழங்களை நிறைய உண்டு சலித்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் போதிய காய்கனிகளை உண்பதில்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விலை உயர்ந்த இறக்குமதிப் பழங்களால் அந்த அளவை எட்டுவது பல குடும்பங்களுக்குக் கடினம்.

தடை பெரும்பாலும் கனிகளின் இயல்பிலேயே இருக்கிறது. டாபாய், பறித்த இரண்டு மூன்று நாள்களில் சுருங்கிக் கெடத் தொடங்கும். சபா, சரவாக்கின் தெராப் பழம் இன்னும் அவசரக்காரர். பலாவின் உறவான அது, பழுத்தால் வீடு முழுதும் மணக்கும். பிளந்த பின் சில மணி நேரத்தில் சுவை மாறிவிடும். இப்படிப்பட்ட பழத்தைக் கோலாலம்பூரின் கடைக்கு அனுப்ப விமானமும் குளிரூட்டலும் வேண்டும். அதற்கேற்ப விலையும் ஏறும். பருவத்தில் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும் பொருளுக்காக எந்தக் கடையும் ஆண்டு முழுவதும் இடம் ஒதுக்காது. இதற்கு விடையாகச் சிபுவில் டாபாயை உறைய வைத்து விற்கிறார்கள். சதையை அரைத்துக் களியாக்கியும் பாதுகாக்கிறார்கள். களி வசதியானதுதான். அரைக்கும்போது கருந்தோலையும் சேர்த்து அரைக்கிறார்களா என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கும்.

மரத்தின் இயல்பு இன்னொரு தடை. பனையைப் போலவே டாபாயிலும் பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிலிருந்து முளைத்த கன்று எது என்பது பல ஆண்டுகள் கழித்துப் பூக்கும்போதுதான் தெரியவரும். அதுவரை நீரும் உரமும் இட்டு வளர்த்த மரம் காய்க்காத மரமாக நின்றால் உழவருக்குப் பொறுக்குமா? கோடரியை எடுத்துவிடுவார். ஆனால், ஆண் மரங்கள் எல்லாம் விழுந்துவிட்டால் பெண் மரங்களுக்கு மகரந்தம் கிடைக்காது. இந்தக் கணக்கை அறியாத நிலத்தில், காடு அழிந்து செம்பனையும் சாலையும் வரும்போது முதலில் சாய்வது இத்தகைய விலை மதிப்பிடப்படாத மரங்களே. பம்பாங்கான், தெராப் ஆகியவற்றின் நிலையும் இதுதான். பழக்கடையில் பெயரில்லாத மரத்தைக் காப்பாற்றும்படி யாரும் கேட்பதில்லை.

இப்போது ஒட்டுக்கட்டிய டாபாய்க் கன்றுகள் நடப்படுகின்றன. நன்றாகக் காய்க்கும் பெண் மரத்தின் கிளையை நாற்றின் மீது ஒட்டினால், வளர்வது பெண் மரம்தான் என்பது முதல் நாளே உறுதி. காய்ப்பும் விதைக்கன்றைவிட விரைவில் தொடங்கும். அத்தகைய தோட்டத்தில் பெண் மரங்களுக்கு நடுவே ஆங்காங்கே ஆண் மரம் ஒன்றும் விட்டு வைக்கப்பட வேண்டும். அது ஒரு கனிகூடத் தராது. ஆனாலும், சுற்றி நிற்கும் மரங்களில் கருநீலக் கொத்துகள் தொங்குவதற்கு அதன் மகரந்தம்தான் காரணமாக இருக்கும்.